அவனுக்குப் பிடித்த தட்டுகள்

ஹோலுக்குள் வந்ததும் அவன் முதலில் செய்வது சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பது. பார்க்கிறவர்கள் பக்திமான் என்று நினைத்துக்கொள்வார்கள். காலுறையையும் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தப் பெரிய மரத்தரையில் சுவரோரமாக ஒரு சுற்று நடப்பான். ஒவ்வொரு மூலையிலும் சற்று நிற்பான். ஏதாவது ஒரு மூலையில் மற்ற மூலைகளைவிடக் கூடுதலாக நிற்பான். பிறகு போய் வெளியே நிற்கும் வான் வண்டியிலிருந்து ஸ்பீக்கர்களை இறக்குவான். எல்லாவற்றையும் சனம் இருக்கப்போகும் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் அந்த மூலையைப் பார்க்க வைப்பான்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் தமிழர் வீட்டு விசேஷங்களுக்கு நான் மணவறை சோடிக்கிறவள். அவன் பாட்டுப் போடுகிறவன். விருந்தாளிகள் வர முதல் அந்த வெறும் ஹோலுக்குள் நாங்கள் இரண்டு பேரும்தான் இருப்போம். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டிய மயில்களுக்கு நடுவே நான், வயர்களுக்கு நடுவே அவன். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய பழக்கம் அது.

அவன் மலேசியத் தமிழன், கிள்ளான் பக்கம். என்ஜினியரிங் படிக்க வந்து, படித்தும் முடித்து, அந்த வேலைக்குப் போகாமல் வயர் இழுத்துக்கொண்டு திரிகிறான் என்று எங்களுடைய சனத்துக்கு அவன்மேல் ஓர் இளக்காரம். எனக்கும் முதலில் இருந்தது. முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். என்னைக் கண்டதும் "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்பான். அவர்கள் ஊரில் சாப்பிட்டாயிற்றா என்பதை அப்படித்தான் கேட்பார்களாம். பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவன் டிஜே தம்பிதான்.

முதல் நாள் கிரவீன் பகுதியில் ஒரு சாமத்தியவீடு, பெரியபிள்ளையான பெண்ணுக்கு எடுக்கிற விழா. நான் ஏணியில் நின்று மயிலின் கழுத்துக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஹால் செக் பண்ணணும். கொஞ்ச நேரம் சத்தமா இருக்கும்" என்றான்.

ஏதோ சினிமாப் பாட்டு வரும் என்று இருந்தேன். அவன் ஒரு நீலநிறப் பால் கூடையிலிருந்து, பெயரே எழுதாத வெள்ளை லேபல் இசைத்தட்டு ஒன்றை எடுத்துச் சுழலவிட்டான். பாட்டுக்காரர் யாரும் இல்லை. மேலே தையல் மெஷினை முழு வேகத்தில் மிதிப்பது போன்ற ஓர் அடி. கீழே, பக்கத்து வீட்டில் யாரோ அலுமாரியை இழுத்து நகர்த்துவது போல, அவசரமே இல்லாத ஒரு கனத்த சத்தம். டிரம் அண்ட் பேஸ் என்று அதற்குப் பெயர் என்பதைப் பிறகு சொன்னான். என் குண்டூசிப் பெட்டி மேசையில் தானாக நகர்ந்தது. மயில் தலையை ஆட்டியது.

"தம்பி, மணவறை முழுக்க ஆடுது. நிப்பாட்டும்" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. அந்த வேகத்துக்கு எந்தப் பெடியனும் தலையையாவது ஆட்டுவான். அவன் ஆடவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பல்வலிக்கு ஊசி போட்டு வலி இறங்குகிற நேரம் ஒரு மனிதன் இருப்பானே, அப்படி நின்றான். தட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேர் இருக்கிற ஹோலில் நான் தனியாக நிற்கிறேன் என்று தோன்றியது.

"இதில அப்பிடி என்ன விருப்பம் உமக்கு?" என்று கேட்டேன்.

"விருப்பம்னு யாருக்கா சொன்னா? இதெல்லாம் என் ஃபேவரிட். விருப்பம் வேற."

வாய்க்காரன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னது உண்மைதான். அவனுக்கு விருப்பமானது பழைய சினிமாப் பாட்டு. வயர் சுற்றும்போது மெல்லப் பாடுவான், நல்ல குரல். விசேஷத்தில் எந்த நேரத்தில் எந்தப் பாட்டைப் போட்டால் கதிரையை விட்டு எழும்பாத அன்ரிமாரும் எழும்புவார்கள் என்பது அவனுக்குக் கைவந்த கலை. அந்த நீலக் கூடையிலிருந்து மட்டும் சனத்துக்கு ஒரு தட்டும் போடமாட்டான். இளம் பெடியன்கள் வந்து, "ப்ரோ, கொஞ்சம் டிரம் அண்ட் பேஸ் போடுங்கோவன்" என்று கெஞ்சுவார்கள். "அது உங்களுக்கு இல்லலா" என்று, அவர்கள் ஊர் 'லா'வையும் சேர்த்து, சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவான்.

காரணத்தை ஒரு வருடம் போல் கழித்துத்தான் சொன்னான். பிளாக்டவுன் பக்கம் ஒரு ஹோல். ஹோல் பூட்டின் திறப்பு வைத்திருந்தவர் வரப் பிந்திவிட்டது. மழை. அவனுடைய வானுக்குள் இருந்து வறுத்த கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

படிக்கிற காலத்தில், ஒரு வாடகை வீட்டில் தொடங்கியதாம். ஒரு ரீங்காரம், மிகவும் பதிந்த குரலில். ஃபிரிஜ் என்று நினைத்து ஃபிரிஜை நிறுத்தினான். பக்கத்து வீட்டு ஏசி என்று நினைத்தான். தெரு முனையிலுள்ள டிரான்ஸ்ஃபோர்மர் என்று நினைத்தான். வீடு மாறினான், கூடவே வந்தது. காது வைத்தியர்கள் பார்த்துவிட்டு, உன்னுடையது சின்னப் பிள்ளையின் காது, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"காதுக்குள்ள இல்லக்கா. காதுக்குள்ள இருந்தா நான் தலைய திருப்பும்போது அதுவும் கூட திரும்பணும்ல? இது திரும்பாது. அது ஒரு எடத்துல இருக்கும்."

"எந்த இடத்தில?"

மழை வழிகிற கண்ணாடிக்கு வெளியே, பூட்டிக் கிடந்த ஹோலைக் காட்டினான். "இன்னிக்கு பின்பக்கம், டாய்லெட் போற வழியில."

அன்றைக்கு நாங்கள் அதுவரை ஹோலுக்குள் கால் வைக்கவே இல்லை. நான் கச்சான் பையை மடித்து வைத்தேன்.

மாதக்கணக்கில் நித்திரை இல்லாமல் அலைந்த காலத்தில், ஒருநாள் நகரத்தில் ஒரு தட்டுக் கடைக்குள் சும்மா நுழைந்திருக்கிறான். கடைக்காரர் ஏதோ ஒரு தட்டைச் சுழலவிட்டிருக்கிறார். அந்த ரீங்காரம் நின்றுவிட்டது. "ஒண்ணுமே கேக்கலக்கா. அழுதுட்டேன்லா" என்றான். கடைக்காரர் இப்படியொரு ரசிகனா என்று நெகிழ்ந்துபோய்க் கோப்பி போட்டுக் கொடுத்தாராம்.

அந்த வகைத் தட்டு எல்லாவற்றுக்கும் அந்தச் சக்தி இல்லை. அடியில் நகரும் அந்தக் கனத்த சத்தம் ரீங்காரத்தின் சுருதிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கேட்டுக் கேட்டுக் கழித்து, மிஞ்சியவற்றைத்தான் நீலக் கூடைக்குள் வைத்திருந்தான். ஒரு தட்டை ஒருமுறை போட்டால் அது சில மணித்தியாலம் அடங்கிக் கிடக்கும். ஒரு விசேஷத்தை ஒப்பேற்ற அவ்வளவு நேரம் காணும். மற்றச் சத்தமெல்லாம், ஃபிரிஜ், ஃபேன், சனத்தின் இரைச்சல், சினிமாப் பாட்டு எல்லாமே அதற்குச் சாப்பாடு என்றான். சாப்பிட்டுச் சாப்பிட்டு எழும்புமாம். அதனால்தான் சனம் வர முதல் அதை அடக்கி வைக்கிறான்.

"பிறகேன் தம்பி இந்தத் தொழில்? ஒரு லைப்ரரியில போய் இருக்கலாம்தானே."

"லைப்ரரில இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வெக்க விடமாட்டாங்கக்கா."

பெயர் இல்லாத தட்டுகளுக்கு அவனே பெயர் வைத்திருந்தான். ஒன்று 'மழை'. ஒன்று 'லிஃப்ட்', நடுவில் தரை கீழே போகிற மாதிரி இருப்பதால். இன்னொன்று 'பெரியம்மா'. ஏன் பெரியம்மா என்று கேட்டேன். "அவங்க வந்தா எல்லாரும் வாய மூடிக்குவாங்க" என்றான்.

வீட்டில் என் கணவரிடம் இதைச் சொன்னபோது இவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "உம்மட டிஜேக்குக் கழண்டு போச்சு. நாள் முழுக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டா எல்லாருக்கும் காது கூவும்தான்" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அந்தப் பிறந்தநாள் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தையின் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேக்கைக் கொண்டுவந்து வைத்தாயிற்று, சனமெல்லாம் சுற்றி நின்றாயிற்று, பிள்ளையைக் காணவில்லை. தேடினால் ஹோலின் மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி நிற்கிறாள். அப்போது பாட்டு ஒன்றும் ஓடவில்லை. தாய் இழுத்தால் வர மறுக்கிறாள். அழவும் இல்லை, சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. "நித்திரைக் கலக்கம்" என்று தாய் எல்லாருக்கும் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் பிள்ளையையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, நீலக் கூடையிலிருந்து பெரியம்மாவை எடுத்தான். பிறந்தநாள் பாட்டுக்குக் காத்திருந்த சனத்தின் தலையில் அது இடி மாதிரி விழுந்தது. பெரியவர்கள் திட்டினார்கள். ஓர் அங்கிள் போய் மேசையில் தட்டினார். பிள்ளை கையைக் காதிலிருந்து எடுத்தது, சுற்றிப் பார்த்தது, கேக்கைக் கண்டு ஓடி வந்தது. அவன் தட்டை எடுத்துவிட்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான், தவறுதலாகக் கை பட்டுவிட்டது என்று.

அன்று சோடனையைக் கழற்றும்போது அந்த மூலைப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கே கட்டிய பலூன்களை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிந்திய வருடங்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். தட்டுச் சுழலும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டை உண்டு. தள்ளினால் தட்டு வேகமாகும், எதிர்ப்பக்கம் தள்ளினால் மெதுவாகும். முன்பெல்லாம் அது நடுவில் இருக்கும். பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும் மெதுவாக்கும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. தையல் மெஷின் களைத்துப்போனது. அலுமாரி இன்னும் கனமாகியது.

"என்ன தம்பி, பெரியம்மாவுக்கு வயசு போயிட்டுதோ?"

"அது இறங்குதுக்கா. சுருதி கீழ போய்க்கிட்டே இருக்கு. நானும் கூடவே இறக்கிப் பாக்கிறேன்." கட்டையை விரலால் தொட்டுக் காட்டினான். "இதுக்கு மேல தள்ள எடமில்ல."

மழை பலிக்காமல் போயிற்று. லிஃப்ட் போயிற்று. போன தட்டுகளை இளம் பெடியன்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டான், அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கடைசியில் ஒருநாள் வெறும் கூடையோடு வந்து, "பெரியம்மாவும் போயிட்டாங்க" என்றான். செத்த வீட்டுக்குப் போய்வந்தவன் முகம் அது. நான் பகிடி ஒன்றும் விடவில்லை.

அந்த வாரமே பஸ் ஏறி மெல்பேர்ன் போனான். அங்கே ஒருவர், தன் வீட்டுப் பின்வளவில் தகரக் கொட்டகைக்குள் தட்டு வெட்டும் மெஷின் வைத்திருந்தாராம். தானே இசையும் செய்கிறவர். ரீங்காரத்தின் சுருதி மறந்துவிடக் கூடாது என்று பஸ்ஸில் வழி முழுக்க அதை மூக்கால் முனகிக்கொண்டே போயிருக்கிறான். பக்கத்து சீட்டில் இருந்த பெண்மணி பாதி வழியில் வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கொட்டகைக்காரருக்கு அதை முனகிக் காட்டி, அதற்கென்றே ஒரு டிரம் அண்ட் பேஸ் செய்வித்து, ஒரே ஒரு தட்டு வெட்டுவித்துக்கொண்டு வந்தான்.

கடையில் விற்கிற தட்டு மாதிரி அது கெட்டியானதல்ல. ஒரு பூச்சின்மேல் வெட்டுவது. "வெண்ணெய் மாதிரிக்கா. ஊசி பட பட தேயும்" என்றான். சீடியில் பதிந்துவைத்தால் என்ன என்று கேட்டேன். செய்து பார்த்தானாம். சத்தம் வருகிறது, ஆனால் அந்த ரீங்காரம் நிற்கவில்லை. இன்னொன்று வெட்டுவிக்கலாமே என்றேன். கொட்டகைக்காரர் மெஷினையும் பாட்டையும் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார், தொடர்பு இல்லை என்றான்.

அந்தத் தட்டை அவன் விசேஷங்களுக்குக் கொண்டுவருவான், ஆனால் போடமாட்டான். நித்திரை இல்லாமல் கண் குழி விழுந்து, அப்படித்தான் விசேஷங்களைச் செய்தான். தாங்கவே முடியாத நாட்களில் மட்டும் வீட்டில் போட்டான். கொஞ்சம் கொஞ்சமாக அது வெளுத்தது. கடைசியாக நான் விசாரித்தபோது, "இன்னும் ஒரு தடவ தாங்கும். எடுத்து வச்சிருக்கேன்" என்றான்.

"அதுக்குப் பிறகு?"

"அதான் போடாம வச்சிருக்கேன்லா."

இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. மெல்பேர்னில் ரோவில் என்ற பகுதியில் கண்டதாக ஒருவர் சொன்னார். கிள்ளானுக்கே திரும்பிவிட்டான் என்று இன்னொருவர். தெருவில் எங்காவது வேகமான டிரம் அண்ட் பேஸைப் போட்டுக்கொண்டு ஒரு கார் போனால் நான் நின்று பார்ப்பேன். அவன் அந்த மாதிரிக் காரில் போகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் பார்ப்பேன்.

கெட்டி மேளம் பற்றி அவன் என்னிடம் கேட்டதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சிட்னியில் நாதஸ்வரக்காரர்களைப் பிடிப்பது பெரும்பாடு. பல கலியாணங்களில் மேளம் சீடியில்தான். ஐயர் கையைத் தூக்கும்போது டிஜே பொத்தானை அமத்த வேண்டும். ஒரு கலியாணத்துக்குச் சீடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"தாலி கட்டறப்ப மட்டும் எதுக்குக்கா இவ்ளோ சத்தமா அடிக்கிறாங்க?"

"அந்த நேரம் ஒரு தும்மலோ அழுகையோ கூடாத சொல்லோ பொம்பிளை மாப்பிளையின்ர காதில விழக் கூடாது. அதை மூடத்தான்."

அவன் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நம்ம ஆளுங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு" என்றான். என்ன தெரிந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

என் மூத்த மகளின் கலியாணத்துக்கு மணவறையை நானே சோடித்தேன், வெள்ளையும் பொன்னுமாக. மேளம் சீடிதான், நாதஸ்வரக்காரர் அன்று வேறொரு கலியாணத்துக்கு மெல்பேர்ன் போய்விட்டார். காலை முகூர்த்தம். அவன் வழமைபோல சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுற்றி நடந்தான். எந்த மூலையிலும் கூடுதலாக நிற்கவில்லை. என்னிடம் வந்து, "இன்னிக்கு மூலைல இல்லக்கா" என்றான்.

"நல்லதாப் போச்சு தம்பி" என்றேன். எனக்கு ஆயிரம் வேலை. அவன் முகம் நல்ல செய்தி சொல்கிறவன் முகமாக இல்லை என்பதை நின்று கவனிக்க நேரம் இருக்கவில்லை.

கூறைச் சேலையோடு மகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கலியாணப் பதற்றம் என்று எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஐயர் கையைத் தூக்கி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார்.

ஒன்றும் வரவில்லை. சபை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. அவன் ஐயரைப் பார்க்கவில்லை. மணவறையின் பின்பக்கத்தை, என் மகளின் முதுகுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீடிப் பொத்தானில் இருந்த கையை எடுத்தான். பைக்குள் இருந்து அந்த மெல்பேர்ன் தட்டை எடுத்துவைத்து, ஊசியை இறக்கினான்.

முதலில் தரையில் வந்தது, பிறகுதான் காதுக்கு. பிறகு அந்தத் தையல் மெஷின் அடி. இந்துக் கலியாணத்தில், தாலி கழுத்துக்குப் போகிற நேரத்தில், டிரம் அண்ட் பேஸ். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி உறைந்துபோனார். ஐயர் பாவம், கட்டு கட்டு என்று சைகை காட்டினார். சம்பந்தி வீட்டார் எழும்பிவிட்டார்கள். இவர் வேட்டியை மடித்துக்கொண்டு அவன் மேசைக்கு ஓடினார். அவன் இரண்டு கையையும் தட்டுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், கட்டி முடியட்டும் அங்கிள். அதுவரைக்கும் விடுங்க" என்று கெஞ்சினான். மூன்று முடிச்சும் விழுந்தது. எல்லாரும் வாழ்த்திப் போட்ட அறுகரிசி தரையில் நிற்காமல் துள்ளியது. அப்போதுதான் அவனே ஊசியைத் தூக்கிவிட்டு, கெட்டி மேளத்தைப் போட்டான்.

அதன் பிறகு அவனை ஒருவரும் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. இவர் அவன் பெயரையே வீட்டில் எடுக்க விடவில்லை. மகள் மட்டும், விருந்தாளிகள் போன பிறகு, கொண்டையிலிருந்த ஊசிகளை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அம்மா, லீவ் இட். அதுக்கு முதல் எனக்கு முதுகுப் பக்கம் ஐஸ் வைச்ச மாதிரிக் குளிர்ந்துகொண்டு இருந்தது. ஏதோ ஒரு சத்தமும். ஐ வாஸ் ஸோ ஸ்கேர்ட். அந்த மியூசிக் வந்ததும் எல்லாம் போயிட்டுது."

கலியாணப் பலகாரம் எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கிரவீனில் ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த சின்ன வீடு. மத்தியான வெயில். போகும் வழி முழுக்க என்ன சொல்லித் திட்டுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது. இரண்டில் எது முதலில் வாயில் வரும் என்று எனக்கே தெரியாது.

கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் இரண்டும் வரவில்லை. அவ்வளவு வாடியிருந்தான். "பசியாறிட்டீங்களாக்கா?" என்றான். உள்ளே மணிக்கூடு இல்லை. மெயின் சுவிட்சையே நிறுத்தியிருந்தான். ஃபிரிஜ் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சின்ன காஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி போட்டுத் தந்தான்.

"என்ர பிள்ளைக்கு நீர் போட்ட அந்தத் தட்டை எடும், பார்ப்பம்" என்றேன்.

எடுத்துத் தந்தான். கறுப்பாக இருந்திருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருந்தது. கோடுகளே மழுங்கிவிட்டன.

"அன்னிக்கோட முடிஞ்சிடுச்சு. நேத்து போட்டுப் பாத்தேன். அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான்."

"உமக்கெண்டு வைச்சிருந்த கடைசித் தரம் அது. கெட்டி மேளம் கையில இருந்ததுதானே தம்பி. அதைப் போட்டிருக்கலாமே."

"கெட்டி மேளம் இத மூடாதுக்கா. வேற கல்யாணத்துல போட்டுப் பாத்திருக்கேன். அன்னிக்கு அது உங்க பொண்ணு முதுகுக்குப் பின்னால வந்து நின்னுச்சு. தாலி ஏறுற நேரம் அவங்க காதுல அது விழுந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் பலகாரப் பெட்டியைத் திறந்து, நான் கொண்டுபோன பயத்தம் பணியாரத்தையே எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கினேன். பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த அமைதிக்குள்தான் எனக்குக் கேட்டது.

முதலில் என் மூச்சு என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்தேன், அது நிற்கவில்லை. தலையைத் திருப்பினேன், அது கூடத் திரும்பவில்லை. அடுப்பு இருந்த குசினியின் வாசலுக்கு அந்தப் பக்கம், தரைக்குப் பக்கத்தில், மிகவும் கீழே. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ பேச வாயெடுத்து, பேசாமல், வாயை மூடாமலும் இருப்பதுபோல.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கேக்குதா என்று கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்கும். இத்தனை வருடம் தன்னை நம்பாத உலகத்தில் ஒருத்தி நம்புகிறாள் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் வரும் என்று யாரும் நினைப்பார்கள். வரவில்லை. பதறிப்போனான்.

எழுந்து போய் மெயின் சுவிட்சைப் போட்டான். ஃபிரிஜ் உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. குசினிக்குள் அந்த வாசலைத் தாண்டியே போய், அடுப்புக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டான். உடுப்பு ஒன்றும் இல்லாத வாஷிங் மெஷினைச் சுற்ற விட்டான். டிவியைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினான். வீடு இரைந்தது. அதற்குச் சாப்பாடு என்று அவன் சொன்ன அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வந்து என் எதிரில் இருந்தான்.

"இப்ப இல்லதானேக்கா?" என்று கத்திக் கேட்டான்.

"இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு நின்றுவிட்டது.

"அப்ப சரிலா. நீங்க ஆறுதலா குடிங்க."

அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமத்திக்கொண்டான். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பையை எடுத்துக்கொண்டு, வெளிக்கேற் கதவைத் தாண்டும் வரைக்கும் அவன் ஒன்றையும் நிறுத்தவில்லை.